விரிசல் விட்ட எரியறை

புகையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மீறக்கூடாதென்று உத்தரவு வந்ததிலிருந்து, தண்டையார்பேட்டைப் பக்கமிருந்த மின்நிலையத்தில் டர்பைன் எரியறைக்குள் தண்ணீர் பீய்ச்சினார்கள். தீயின் சூடு தணிந்து புகை தெளிந்தது. ஆனால் தீயும் தண்ணீரும் மாறிமாறிப் பட்டதில் எரியறையின் உள்தகடு சீக்கிரமே விரிசல் விட்டது.

பராமரிப்புப் பொறியாளர் ஷாஸியா அதை டார்ச் அடித்துக் காட்டினாள்.

"தண்ணிய நிறுத்திட்டு ஓட்டலாம்மா. கோடை போவட்டும்," என்றார் மேலாளர் அன்பரசன்.

"மஞ்சப் புகை வரும் சார், வரம்பு மீறிடும். தகடு பிச்சிகினு உள்ளே போனா டர்பைன் பிளேடெல்லாம் காலி. மெஷினை நிறுத்தித் தகட்டை மாத்திடலாம்."

அவர் அரைமனதாகச் சம்மதித்தார்.

சாயங்காலம் அவள் வீட்டிலும் மின்சாரம் இல்லை. கணவன் யாசின் வியர்வையைத் துடைத்தபடி, "இன்னா, மெஷினு அவுட்டா?" என்றான்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

அவன் சிரித்துவிட்டுப் பாயை மொட்டைமாடிக்குத் தூக்கிப்போனான்.

புதுத் தகட்டோடு டர்பைன் சுற்றியதும், இனி எரியறையை அடிக்கடி திறந்து பார்க்க அன்பரசனே உத்தரவிட்டார்.