சூட்டறை எலி

கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றில் உலைக்கு முன்னால் நின்றே இளமையைத் தீர்த்தவன் சந்திரமோகன். போன மாதம் அங்கேயே மயங்கி விழுந்தான். பிழைத்தால் போதுமென்று அடுத்த தெருவிலிருந்த ஆராய்ச்சிக் கம்பெனியில் எலிக்கூண்டு கழுவ வந்துவிட்டான். ஏசி வேலை, இனி நிம்மதி என்று நினைத்தான், பாவம்.

அன்று ஆராய்ச்சியாளர் ஜெனிபர் பெண் எலி ஒன்றின் கருப்பையைத் திறந்து தட்டில் வைத்திருந்தாள். உள்ளே பாதிக் கருக்கள் கறுத்துச் சுருங்கிக் கிடந்தன.

"இன்னா மேடம், இதுக்கு சீக்கா?"

"இது நல்ல எலிதாண்ணா. இதோட ஜோடியத்தான் சூட்டறையில வெச்சிருந்தோம். சூடு பட்டா ஆண் எலியோட விந்துல குரோமோசோம் கெட்டுடலாம். அப்போ கரு உண்டாவும், வளராது."

சந்திரமோகன் தட்டையே பார்த்தான். அவன் மனைவி ரோஜாவுக்கு இது மூன்றாவது கரு. முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. இதற்கும் மூன்றாம் மாதம் நெருங்குகிறது. இதுவும் அவன் உலையில் வெந்துகொண்டிருந்தபோது தரித்ததுதான்.

"மேடம், மனுசனுக்கும் இப்டியா?"

ஜெனிபர் அவன் முகத்தைப் பார்த்தாள். "எலிய வெச்சி மனுசனுக்கு அப்டியே சொல்ல முடியாதுண்ணா. சூட்ட விட்டு வெளிய வந்தா எலியே கொஞ்ச வாரத்துல தேறிடும். ரெண்டு பேருமா டாக்டராண்ட போங்க."

தேறுவது சரி, ஏற்கெனவே தரித்தது என்ன ஆகும்? அதைக் கேட்காமலே கூண்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனான்.

மாலை வீடு திரும்ப ஆரம்பாக்கம் போகும் ரயிலில் செல்போன் அடித்தபோது, ரோஜாவுக்கு ஏதோ ஆகிவிட்டதென்று உயிரே போய்வந்தது. எடுத்தால் யாரோ ஒரு பெண், லோன் வேண்டுமா என்றாள். அவன் திட்டியது பெட்டி முழுக்கக் கேட்டது.

வீட்டில் அவன் அம்மா செங்கம்மாள் ஆரம்பித்திருந்தாள். "ஞாயித்துக்கெழம பெரியபாளையத்தம்மன் கோயில்ல இவளுக்கு வேப்பெலயால வேப்பஞ்சேல கட்றேன்னு வேண்டிக்கினேன்டா. இவ வயித்துல எதுவும் நிக்க மாட்டேங்குதே, இன்னா தோஷமோ!"

ரோஜா தலைநிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சொன்னால் ஆம்பளை என்ற பேர் போய்விடும். சொல்லாவிட்டால், இதுவும் கலைந்தால், பழியை அவள்தான் சுமப்பாள். முன்பு இரண்டு முறையும் அவன் சும்மா நின்று வேடிக்கை பார்த்தான். நினைக்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"தோஷம் அவளாண்ட இல்லாம இருக்கலாம்மா. என் ஒலச்சூடா இருக்கலாம்." எலியைப் பற்றிச் சொன்னான். கறுத்த கருக்களைப் பற்றி மட்டும் சொல்லாமல் விழுங்கிக்கொண்டான். "நாளைக்கி டாக்டராண்ட போறோம். நானும் டெஸ்ட் எடுக்கறேன்."

"வாய மூட்றா!" என்று செங்கம்மாள் சீறினாள்.

ரோஜாவின் கையில் கீரைத்தண்டு அப்படியே நின்றது. "அப்போ அந்த ரெண்டையும் நான் கொல்லலியா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் படுத்திருந்தவள் இத்தனை நாளும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா தூங்கினாள்?

"இல்லடி" என்றான்.

இரண்டு முறை கலைந்தபோதும் கண்கலங்காதவள், இப்போது வாய்விட்டு அழுதாள். அழாதே என்று சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை, அழவிடவும் பயமாக இருந்தது. அவள் குலுங்கக் குலுங்க அவன் கண் அவள் வயிற்றுக்கே போய்க்கொண்டிருந்தது.