கொம்பு கடைசியில்தான்

என் மைத்துனர் தர்லோ, மூஸ் மானைச் சுடுவதற்கு மூன்று வாரம் முன்பே எங்கள் வேட்டைக் கிளப் சுவரில் ஆணி அடித்துவிட்டார். காட்டுக்குள்ளிருந்து கொம்பைச் சுமந்தபடி அவர் ஆற்றங்கரைக்கு வரும் படம் அந்த ஆணியில் தொங்க வேண்டும். ஞாயிறு மதியம் கேமராவோடு கரைக்குப் படகில் வந்துவிடும்படி கிளப் செயலாளர் ஆர்விட்டிடம் சொல்லியிருந்தார். மானுக்கு மட்டும்தான் தகவல் சொல்லவில்லை.

ஆனாலும் சனிக்கிழமை காலை மான் வந்தது. கரையிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் உள்ளே, சதுப்பின் மறுபக்கம்.

"வேணாம் மச்சான், நம்ம படகு அவ்வளவு தூரத்துல, கரையில கெடக்கு" என்றேன்.

"கொம்பப் பாத்தியா நீ?" என்றார். சுட்டார்.

மான் விழுந்த பிறகுதான் வேட்டைக்காரனுக்குத் தூரம் கண்ணில் படும். உரித்து, துண்டு போட்டு, துணிப்பைகளில் கட்டினோம். கறி எட்டுச் சுமை, கொம்பு ஒன்று. ஆட்கள் மூவர்: தர்லோ, நான், அவர் தங்கையும் என் மனைவியுமான ஹெட்டி. ஆளுக்கு மூன்று நடை.

தர்லோ நேரே கொம்பைத் தூக்கினார்.

"அண்ணே, அதைக் கீழ வை. மொதல்ல கறி. கொம்பு கடைசி நடையிலதான். சட்டம்."

"இந்தக் காட்டுல யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறேன்?"

கொம்பை எடுத்துக்கொண்டு கறியை நரிக்கு விட்டுப் போகும் கனவான்களுக்காகப் போட்ட சட்டம் அது. அதை ஆதரித்துத் தர்லோ கிளப்பில் இரண்டு முறை முழங்கியிருக்கிறார்.

"சரி, பெரிய தொடையை எனக்குக் கட்டுங்க. நீங்க தாங்க மாட்டீங்க."

ஐம்பது கிலோ. சதுப்பில் கால் வைக்கும் புல்மேடு ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாயும். முதல் நடையில் சுமப்பது எப்படி என்று எங்களுக்கு வகுப்பெடுத்தார். இரண்டாம் நடையில் முனகினார். அன்றிரவு, படுத்த இடத்தில் முழங்காலோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை மிச்சமிருந்தவை கழுத்துக்கறி, ஒரு சின்னப் பை, கொம்பு. தர்லோ கொம்பைப் பிடித்துத் தூக்கினார். கொம்பு வந்தது, அவர் வரவில்லை. அப்படியே பாசியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஹெட்டி... லேசா ஏதாச்சும் இருக்கா?"

"இந்தப் பையில நாக்கு இருக்கு. உனக்குப் பழக்கமான சாமான்தானே."

நாக்கோடு முதுகுத்தண்டுக் கறியும் இருந்த அந்தப் பையை அவர் தோளில் மாட்டினாள். கழுத்தை நான் எடுத்தேன். ஹெட்டி கொம்பைத் தோளில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வழியில் தர்லோ இரண்டு தடவை சேற்றில் முகங்குப்புற விழுந்தார்.

கரையில் ஆர்விட் காத்திருந்தார்.

"அடேயப்பா ஹெட்டி! எம்மாம் பெருசு! அப்படியே நில்லு தாயி!"

"நான் சுடலைங்க, எங்கண்ணன்தான்..."

"அடக்கத்தைப் பாரு!"

தர்லோ வாயைத் திறந்தார். மூச்சுதான் வந்தது. தன் நெஞ்சைச் சுட்டிக் காட்டினார்.

"நெஞ்சு வலியா?" என்றார் ஆர்விட், சேறு பூசிய முகத்தை அடையாளம் தெரியாமல். "கூலி ஆளா? கொஞ்சம் ஒதுங்குப்பா, கொம்பு மறையுது."

கிளிக்.

படம் இப்போது அந்த ஆணியில்தான் இருக்கிறது. ஆணி நல்ல உறுதி. தர்லோவைப் பார்க்க விரும்புகிறவர்கள் வலது ஓரத்தில், கொம்பு முனைக்குக் கீழே தேடவும். நாக்குப் பையைப் பிடித்த ஒரு கை தெரியும்.