அடுப்படிச் சுவர்

ஐவி குனிந்து ஊதியதும் தென்னமட்டை புகைந்தது. அடுப்பில் பானை இல்லை. புகை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

நகரத்துக் கடற்கரையை ஒட்டிய பழைய கலங்கரை விளக்கத்தில் விளக்கைப் பார்த்துக்கொண்டவர் அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ். இது அவர்கள் குடியிருந்த வீடு. அவர் செத்த பிறகு, விறகடுப்பு மூட்டிப் பாரம்பரியச் சுவரைக் கரியாக்கிவிட்டாள் என்று சொல்லித்தான் ஐவியைக் காலி செய்யவைத்து, ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வீட்டை அருங்காட்சியகமாக்கச் சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு பூசினார்கள். பளிச்சென்று ஆனதும், விளக்குக்காரர் அடுப்படி மாதிரியே இல்லையே என்று மேலிடத்தில் முகம் சுளித்தார்கள். பெயிண்டர் கறுப்படித்துப் பார்த்தான். போலி என்று பச்சைக் குழந்தைக்கும் தெரிந்தது.

கான்டிராக்டர் நெடுஞ்செழியன் ஐவியைத் தேடிப் போனான்.

"இத்த மட்டும் செஞ்சி குடு யக்கா. அங்கியே பெருக்குற வேல போட்டுக் குடுக்க சொல்றேன்."

அந்த வேலைக்காகத்தான் வந்தாள். அடுக்குமாடிப் பக்கம் வீட்டுவேலைகூடக் கிடைப்பதில்லை.

கண் எரிய எரிய ஊதினாள். அடுப்புக்கு மேலே சுவர் பழையபடி கறுத்தது. நிர்வாகி அனன்யா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று படம் எடுத்தாள்.

"சூப்பர். போதும்மா, அணைச்சிடுங்க."

"பெருக்குறதுக்கு நாளிக்கே வந்துடட்டா?"

"அதை ஏஜென்சிக்குக் குடுத்தாச்சே. சின்ன வயசுப் பொண்ணுங்க, யூனிஃபார்மோட வருவாங்க. யாரும் சொல்லலையா?"

ஐவி திரும்பினாள். நெடுஞ்செழியன் காலி வாளியை நகர்த்துவதில் மும்முரமாக இருந்தான். அவள் அனன்யாவிடம் பாய்ந்தாள்.

"கரியாக்கிட்டேன்னு தொரத்துன. என் மூஞ்சில கரிய பூசி அனுப்ட்டு, இப்ப என்னியே வெச்சி செவுத்துல பூசிக்கினியா? நல்லா இருப்பியா நீ?"

"மரியாதையா பேசுங்க" என்றாள் அனன்யா.

"இன்னா மரியாத கீது உன்கிட்ட?"

ஆத்திரம் தாங்காமல் கையால் சுவரை இழுத்து அழித்தாள். கரியில் ஐந்து விரலும் நெடுகத் தடம் போட்டன. மறுபடி கையை ஓங்கினாள்.

"ஐயோ, நிறுத்துங்க!" அனன்யா கிட்டே வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "இந்தக் கைத்தடம் அப்படியே இருக்கட்டும். இங்க ஒரு பொம்பள வாழ்ந்தான்னு பாத்ததும் தெரியுது. யாரும் தொடாம கயிறு கட்டிடுங்க."

காவலாளி அறிவு சிவப்புக் கயிற்றை அடுப்படி வாசலின் குறுக்கே கட்டினான். ஐவி இன்னும் உள்ளேதான் நின்றாள். அவன் கயிற்றைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

"குனிஞ்சி வா ஆயா. பாத்து, செவுத்துல கைய வெச்சிடாத."