மேடைக்கு மட்டும்

வெர்னீட்டா தம்பியின் அலமாரிக்குள் தலையை விட்டு மூன்றாவது பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்குச் சர்ச்சில் ஆராதனை, அது முடிந்ததும் அடக்கம். பத்துக்குள் சிடி கைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் பாட்டுக் கிடையாது என்று பாஸ்டர் நேற்றே கறாராகச் சொல்லிவிட்டார். கறுப்பு உடுப்பில் முழங்கால் வரை தூசி அப்பியிருந்தது.

தம்பி கார்டெல் போன செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனான். நாற்பத்தைந்து வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன். பிள்ளைகள் எல்லாரையும் இறக்கிவிட்டு, டிப்போவில் வண்டியைக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தி, ஸ்டீயரிங்கில் சாய்ந்திருக்கிறான். தூங்குகிறான் என்று நினைத்து ஒரு மணி நேரம் யாரும் கிட்டே போகவில்லை. அந்த ஒரு மணி நேரம்தான் வெர்னீட்டாவைத் தின்றுகொண்டிருந்தது.

டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத்தில் அவனைப் பேருந்துக்காரன் என்றுதான் தெரியும். அவனும் லமாண்ட் என்ற கூட்டாளியும் சேர்ந்து 'கோல்ட் பாய்லர்' என்ற பெயரில் பதினாறு வருடம் ராப் பாடியது அடுத்த தெருக்காரனுக்கே தெரியாது. லமாண்ட் வீட்டு நிலவறையில், வீட்டைச் சூடாக்க வேண்டிய, வேலை செய்யாத பாய்லருக்குப் பக்கத்தில், குளிருக்குக் கோட்டைக் கழற்றாமலே பதிவு செய்தார்கள். காரின் டிக்கியில் கேசட்டை அடுக்கி விற்றார்கள். எட்டு இசைத்தட்டு வந்தது. ஜெர்மனியில் ஒரு மண்டபத்தில் நானூறு பேர் வந்தார்களாம். சொந்த ஊரில் அதிகபட்சம் அறுபது பேர், அதில் பத்துப் பேர் பாட்டு நடக்கிற மதுக்கடையிலேயே வேலை பார்க்கிறவர்கள். பாட்டைப் போனில் ஏற்றச் சொன்னால் கார்டெலுக்குக் கோபம் வரும். வேண்டியவன் தேடி வரட்டும் என்பான். தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் சிரித்துக்கொள்வான்.

கார்டெலுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது மூச்சுத் தீர்ந்துபோகும். அந்தச் சொல்லை லமாண்ட் வாங்கிச் சொல்வான், அதற்குள் இவன் மூச்சை இழுத்துக்கொள்வான். பார்க்கிறவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்தார்கள். மற்றபடி ஒருவன் எழுதியதை இன்னொருவன் வாயில் எடுப்பதில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது திருட்டு. ஒரு பிறந்தநாள் விருந்தில் மச்சான் ஒருவன் ஆசையாகக் கார்டெலின் வரிகளைச் சொல்லிக்காட்ட, கார்டெல் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனவன். வெர்னீட்டாவுக்கு அது அன்று பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

அம்மா ஒடெஸா இதில் எதையும் கேட்டதில்லை. அது கெட்ட வார்த்தைச் சங்கீதம் என்று அவனுடைய இருபது வயதில் ஒரு தடவை சொன்னாள், அதோடு சரி. அம்மா காரில் ஏறினால் கார்டெல் பாட்டை அணைத்துவிடுவான். அணைப்பதை அவளும் பார்ப்பாள். வியாழக்கிழமை இறுதிச்சடங்கு நிலையத்தில், சவப்பெட்டிக்குள் கிடந்தவனின் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "அவன் பாடி நான் கேட்டதே இல்ல, வெர்னீ. சபையில வச்சுக் கேக்குறேன். அசிங்கமில்லாத ஒண்ணாப் பாத்து எடு."

வெர்னீட்டாவுக்கு எது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'ஆறு மணி பஸ்.' ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்துக்கு விடியுமுன் போன அம்மாவைப் பற்றியது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு மதுக்கடையில் நின்று கேட்டு அழுதிருக்கிறாள். வரிகள் நினைவில்லை. அம்மாவின் கைகளைப் பற்றி ஏதோ வரும். அம்மா அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், பிறகு எப்படியோ போகட்டும் என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாவது பெட்டியின் அடியில் அது கிடைத்தது. பாட்டின் பெயர், அதன் கீழே கார்டெலின் கோணல் எழுத்தில் 'மேடைக்கு மட்டும்'. மேடைக்கு எடுத்துப்போனது என்றால் இருப்பதில் நல்லதாகத்தான் இருக்கும். போட்டுப் பார்க்க நேரமில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் ஒலிபெருக்கிக்காரரின் கையில் கொடுத்துவிட்டு, பெண்கள் அறைக்குப் போய் முழங்காலைத் தட்டிக்கொண்டாள்.

சர்ச்சில் பாதி இருக்கைகள் காலி. ஜெர்மனியிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு மலர்வளையம் வந்திருந்தது, டிப்போவிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். லமாண்ட் அட்லாண்டாவிலிருந்து இரவெல்லாம் காரோட்டி வந்து, குடும்பத்துக்குப் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் மனைவியின் வேலைக்காக ஊரைவிட்டுப் போனவன். சண்டை ஒன்றுமில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருப்பார்கள். வந்துட்டியா என்றாள் வெர்னீட்டா. வந்துட்டேன் என்றான்.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நிகழ்ச்சித் தாளில் அச்சடித்திருந்தும் சபையின் டீக்கன் பதினொரு நிமிடம் பேசினார். கார்டெல் நேரம் தவறாத ஓட்டுநர் என்பதை நாலு விதமாகச் சொன்னார். பெட்டியை மூடலாமா என்று சடங்கு நிலையத்தார் வந்து குனிந்தபோது, பாட்டு முடியட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். காதுக் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

தாளம் தொடங்கியது. அடித்தொண்டையில் உறுமுகிற மாதிரி ஒரு பேஸ் ஒலி. நடுவரிசைக் கிழவிகள் இருவர் தலையை ஆட்டினார்கள். வெர்னீட்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரல் வர வேண்டிய இடம் வந்தது, வரவில்லை. தாளம் மட்டும் ஓடியது. பிறகு திடீரென்று லமாண்டின் குரல், "அடுப்பு." மறுபடி வெறும் தாளம். "செருப்பு." மறுபடி ஒன்றுமில்லை. "இடுப்பு."

சிடி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒலிபெருக்கிக்காரர், நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டார். அவள் பின்னால் திரும்பி, கார்டெலின் குரல் எங்கே என்று கேட்டாள். லமாண்டின் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் ஊரை விட்டுப் போறதுக்கு முன்னாடி என் சொல்லை மட்டும் பேசிக் குடுத்தது இது. அவன் மேடையில தனியாப் பாடுறதுக்கு. அவன் குரல் இதுல இல்ல, வெர்னீ."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எட்டு வருடம் கார்டெல் மேடையில் தனியாக நின்று, ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காக ஒவ்வொரு வரியிலும் நிறுத்தியிருக்கிறான். பக்கத்தில் ஆள் இருக்கிற மாதிரி. அந்த எட்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வேலை, களைப்பு, குளிர் என்று ஏதாவது சொல்லியிருப்பாள். அவன் வற்புறுத்தினதும் இல்லை. அவமானமாக இருந்தது.

"உனக்கு எல்லாம் மனப்பாடம்தானே," என்றாள். "போய்ச் சொல்லு."

"அவன் வரி அது."

"அம்மா காத்துட்டிருக்காங்க, லமாண்ட்."

அவன் எழுந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் போய் மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றினான். இரண்டாவது பத்தி தொடங்கியது. அவன் உதடுகள் ஒரு சொல் பிசகாமல் அசைவது வெர்னீட்டாவுக்கு நன்றாகத் தெரிந்தது. சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்து, நெற்றியில் வியர்வை வழிந்தது. சொல்லித் தொலையேன் என்று அவள் பல்லைக் கடித்தாள். பெட்டியில் கிடப்பவனுக்கு இனி என்ன திருட்டு, என்ன சொந்தம்? ஆனால் லமாண்ட் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் முடியாது என்பது மட்டும் இருந்தது. கெஞ்சுகிறவன் மாதிரி இருந்தான்.

பிறகு அவன் பெட்டியை நோக்கிக் குனிந்தான். மைக்கைக் கார்டெலின் வாய்க்கு நேரே நீட்டிப் பிடித்தான். வரி முழுவதும், தாளம் ஓடி முடிகிறவரை, அப்படியே பிடித்திருந்தான். கடைசிச் சொல் வரும் நேரத்தில் தன் பக்கம் இழுத்து, பதிவிலிருந்த தன் குரலோடு சேர்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னான். மறுபடி நீட்டினான். டிப்போக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாஸ்டர் நிகழ்ச்சித் தாளைப் புரட்டினார். வெர்னீட்டாவின் கோபம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்து, நிறுத்த வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அம்மா அவள் தோளில் சாய்ந்தாள்.

"லமாண்ட் சத்தம்தான் கேக்குது," என்று காதோரம் சொன்னாள். "நம்ம பையன் எப்ப ஆரம்பிப்பான்?"

பாட்டில் இன்னும் ஒரு நிமிடம் இருந்திருக்கும்.

"இதோ இப்பதான், மா."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் நின்று அவளுக்கு விசிறிக்கொண்டிருந்த சர்ச்சின் வெள்ளைச் சீருடைப் பணிப்பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, அந்த அட்டை விசிறியின் சத்தத்தை நிறுத்தினாள்.