தொட்டியின் அடித்துளை

மூன்றாம் மாடி பால்கனித் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு, சொதசொதத்த மண்ணை வாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார் மேஸ்திரி. அழுகல் வாடை குப்பென்று அடித்தது. பதினொரு வருடம் வளர்த்த எலுமிச்சை, வேரோடு சாக்கில் சுற்றப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. போன வருடம்தான் முதல் காய். அதை வளர்த்த மூத்த மருமகள் அதன் அருகிலேயே நின்றாள்.

தொட்டி, கட்டடத்தோடு சேர்த்து வார்த்த கான்கிரீட். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஆணி அடிக்கக்கூடத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். இரண்டாம் மாடியில் கூரை ஒழுகியது. வேர் தொட்டியைப் பிளந்துவிட்டது, மரத்தை அகற்றுங்கள் என்று அங்கே குடியிருக்கும் அவள் கொழுந்தன் மனைவி, இளையவள், மனுப் போட்டிருந்தாள். வேர்தான் காரணமென்றால் மரம் திரும்ப உள்ளே போகாது என்று துறையிலிருந்து வந்து, படிவத்தோடு பக்கத்தில் நின்ற பொறியாளர் பெண் சொல்லியிருந்தாள்.

ஓரகத்திகள் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. இளையவள் இன்று செருப்பைக் கழற்றாமல் பால்கனி வாசற்படியில் நின்றாள்.

"மேஸ்திரி, நல்லாப் பாருங்க. என் தலைக்கு மேல காடு வளக்கறாங்க."

"காடு இங்க இருக்கு, குரங்கு ஏன் கீழ குடியிருக்குன்னு கேளுங்க மேஸ்திரி."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றவரின் கை நின்றது. "விரிசலே இல்ல. தண்ணி எறங்குற ஓட்டைய யாரோ சிமெண்டால அடைச்சிருக்காங்க. தேங்கின தண்ணிதான் கசியுது."

பொறியாளர் மூத்தவளைப் பார்த்தாள். "பாதுகாக்குற கட்டடத்துல இது குத்தம். நீங்களா?"

"என் மரத்த நானே அழுக வைப்பேனா?"

"தொட்டி யார் வீட்டுது?" என்றாள் இளையவள், சட்டென்று.

மேஸ்திரி உளியால் நெம்பினார். எலுமிச்சங்காய் அளவுக் கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. கால்சட்டையில் துடைத்து, கவிழ்த்துப் பார்த்தார்.

"மேலேர்ந்து வச்சதில்லம்மா. கீழ நின்னு அமுக்கினது. விரல் பதிஞ்சிருக்கு பாருங்க."

மூன்று விரல்கள். சின்னவை. பொறியாளரின் பேனா, படிவத்தில் பெயருக்கான கட்டத்தின் மேல் நின்றது. இளையவளின் வலக்கை முந்தானைக்குள் போனது.

"கொடில காயுற புள்ளைங்க யூனிபார்ம்ல தெனம் சேறு சொட்டுச்சு. எத்தன தடவ உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன்?" ஒன்பது வருடத்தில் இளையவள் நேராகச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"அனுப்பினே. அனுப்பின அன்னிக்கெல்லாம் ஒரு குடம் கூடவே ஊத்துனேன்."

மூத்தவள் உள்ளே போய்த் தண்ணீர் வாளியோடு வந்தாள். "ஓட்டை சரியா போகுதான்னு பாக்கணுமில்ல, மேஸ்திரி?"

யாரும் தடுக்குமுன் கவிழ்த்தாள். தண்ணீர் மண்ணைக் கலக்கிச் சுழன்று, துளைக்குள் இறங்கியது. கீழே கொடியில் இளையவள் காலையில் உலர்த்திய வெள்ளை விரிப்புகளின் மேல் அது விழும் சத்தம், மேலே நின்ற நால்வருக்கும் தெளிவாகக் கேட்டது.