விஷ்ணுப்ரியா சாப்பிடப் போகிறாள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைத்தது. மலேசியாவில், காப்பார் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை. பக்கத்து மேசைக்காரர் தன் மேலதிகாரியைப் பற்றி, "எங்க மேடம் தப்பு பண்ணா அன்னிக்கு சாப்பிட மாட்டாங்க லா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: "போர்ட் கிள்ளான் கிடங்கின் சூப்பர்வைசர் விஷ்ணுப்ரியா ஓர் இரும்புப் பெண்மணி. அவள்..."

வேண்டாம். இரும்பாவது மண்ணாவது. (வயது முப்பத்தெட்டு, முட்டிவலி வேறு.) மறுபடியும்:

ஈப்போவுக்குப் போகவேண்டிய லோரியை விஷ்ணுப்ரியா ஜொகூருக்கு அனுப்பிவிட்டாள். யாரையும் ஏசவில்லை. தன்னையே "மடச்சி, மடச்சி" என்று திட்டிக்கொண்டாள். மதியச் சோற்றைத் தொடவில்லை, வீட்டுக்கும் போகாமல் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தாள். இது முதல் தடவையும் இல்லை. அவளுக்குக் கீழே வேலை செய்யும் பதினோரு பேரும் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

3.

இங்கேதான் எனக்கும் அவளுக்கும் சண்டை. இதுதான் பொறுப்பு என்கிறாள். அம்மா தாயே, உன் ஆட்கள் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டார்கள் என்று பார் என்கிறேன்.

(தனக்கே இந்தத் தண்டனை கொடுக்கிறவள் நமக்கு என்ன கொடுப்பாளோ என்று பயந்து, தப்பை மறைக்கக் கற்றுக்கொண்டார்கள். கட்டுரை வாடை அடிக்கிறது. அடிக்கட்டும், நீக்க மாட்டேன்.)

சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் விமலன், சரக்கு அடுக்கும் ஓர் இரும்பு ரேக்கின் காலை இடித்து வளைத்துவிட்டு, அட்டைப்பெட்டி அடுக்கி மறைத்திருக்கிறான். மேலே நான்கு டன் சரக்கு. கீழே எல்லாரும் நடமாடுகிறார்கள்.

4.

"பயிற்சி வகுப்பொன்றில் அவள் தன்னை மன்னிக்கக் கற்று..." சீ, சுவரொட்டி வாசகம்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் அவளைப் பேசவைத்தேன். நான்கு முறை அழுதாள். நான்கு தாளும் குப்பைக்குப் போயின. ஐந்தாவது முறை சாதாரணமாகச் சொன்னாள்:

"லோரி தப்பு என்னோடது. அவசரத்துல நம்பர் பாக்கல. இனிமே ரெண்டு பேர் சேர்ந்து பாப்போம். நேத்து பட்டினி கிடந்தேன் பாருங்க, அது அதவிட மடத்தனம். இன்னிக்கு ஒரு மணிக்கு நான் சாப்பிடப் போறேன்."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் விமலன் கையைத் தூக்கினான்.

"அக்கா, மூணாவது ரேக் கால நான் இடிச்சிட்டேன். மூணு நாளாச்சு."

5.

அந்த ரேக் பக்கம் யாரும் போகக்கூடாது என்று உடனே தடுத்துவிட்டாள். அதுவரை எழுதுவது சுலபம். மூன்று நாளாக அவளும் அதன் கீழேதான் நடந்திருக்கிறாள். கோபம் தலைக்கேறுகிறது, நியாயமான கோபம்தான்.

விமலன் பக்கம் திரும்புகிறாள். முதல் வார்த்தையை நான் எழுதப்போவதில்லை, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம். பின்வரிசையில், அந்தப் பதினோரு பேரில் இன்னொருத்தியான கோமதியின் கை, தன் தப்பையும் சொல்லலாமா என்று பாதி உயர்ந்தபடி நிற்கிறது.