கெட்ட மானிட்டர்களின் பட்டியல்

துகள் முடுக்கியின் வளையத்தில், துகள் கற்றையை ஒடுக்கிப் பிடிக்கக் காந்தங்களும் அதைக் கண்காணிக்க நாற்பது மானிட்டர்களும் இருந்தன. உள்ளே ஓடுகிற கற்றையை லேசாக ஒரு தட்டுத் தட்டினால் அது எந்த இடத்தில் எவ்வளவு ஆடுகிறது என்று சொல்வது மானிட்டர்களின் வேலை. அதை வைத்து, கற்றை எங்கே பருத்திருக்கிறது, எங்கே இளைத்திருக்கிறது என்று கணக்கிடுவது மாப்பிள்ளையின் வேலை. கட்டுப்பாட்டு அறையில் எல்லோருக்குமே அவர் மாப்பிள்ளைதான். இயக்குநர் அப்படிக் கூப்பிட்டுப் பழக்கிவிட்டார். இயக்குநர் அவருடைய மாமனார்.

கற்றை எப்படி இருக்க வேண்டும் என்று மாமனார் இருபது வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அதோடு ஒத்துப்போகாத மானிட்டர் கெட்டுப்போன மானிட்டர். அதற்கென்று ஒரு பட்டியலே இருந்தது.

மறுநாள் காலை பரிசோதனைக்காரர்கள் வருகிறார்கள். கற்றையின் அகலம் இவ்வளவு என்று மாப்பிள்ளை இன்றைக்குப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். மாமனாரின் எண் பொய்யாக இருந்து அதற்குப் போட்டால் அவர்களுடைய ஒரு வருட உழைப்பு வீண். போடாவிட்டால் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது.

மனைவி போனில் யோசனை சொன்னாள். "அப்பாகிட்ட தப்புன்னு சொல்லிடாதீங்க. ஆச்சரியமா இருக்குன்னு சொல்லுங்க."

"ஆச்சரியமா இருக்கு மாமா," என்றார் மாப்பிள்ளை. "முப்பத்தெட்டு மானிட்டர் ஒத்துப்போகல."

மாமனார் பேனாவை எடுத்து முப்பத்தெட்டையும் கெட்ட மானிட்டர்களின் பட்டியலில் சேர்த்தார். "மிச்சம் ரெண்டும் எவ்வளவு அழகா ஒத்துப்போகுது பாருங்க மாப்பிள்ளை."

"கணக்குப் போட மூணாவது ஒண்ணு வேணுமே மாமா."

மாமனார் பட்டியலை மேலும் கீழும் பார்த்தார். "ஏதாவது ஒண்ணை மன்னிச்சுடலாமா?"

"தகராறு பன்னிரண்டாவது காந்தத்தைத் தாண்டின உடனேதான் பெருசாகுது. அதுல கரன்ட்டை ரெண்டு சதவீதம் குறைச்சுப் பாக்கட்டுமா?"

"காந்தத்துக்கு என்ன, தாராளமா குறைங்க. என் கணக்குல மட்டும் கை வைக்காதீங்க."

குறைத்துவிட்டு மறுபடி தட்டினார்கள். நாற்பது மானிட்டரும் மாமனாரின் கணக்கின்மேல் சமர்த்தாகப் போய் உட்கார்ந்தன.

மாமனார் பதிவேட்டை இழுத்து எழுதினார்: "கெட்டுப்போயிருந்த முப்பத்தெட்டு மானிட்டர்களும் இயக்குநரின் நேரடி மேற்பார்வையில் குணமடைந்தன." அதன் கீழே புதிய அகலத்தைக் குறித்து, பேனாவை நீட்டினார். "போடுங்க மாப்பிள்ளை."

மாப்பிள்ளை எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேலே ஸ்கேல் வைத்து ஒரு கோடு கிழித்து, கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

"மேல இருக்கறதுக்கு?"

"குணப்படுத்தினவங்கதான் மாமா போடணும்."

மாமனார் அடக்கமாகத் தலையசைத்துவிட்டு, தேதியோடு போட்டார்.